சபை வேலையே ஜெப நேரத்தைத் தின்றுவிட்டால் என்ன செய்வது?

ஈசூன் அம்மா:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் ஈசூனில் வீடு, ஜூரோங் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டுக்காரர் தொழிற்சாலையில் டெக்னீஷியன், ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். மகள் உயர்நிலை இரண்டு. மகன் தொடக்கநிலை ஆறு, அதாவது இந்த வருஷம் பிஎஸ்எல்இ, தொடக்கநிலை முடிக்கிற தேசியத் தேர்வு. இதைச் சொன்னாலே இங்கே இருப்பவர்களுக்கு எங்கள் வீட்டு நிலவரம் புரிந்துவிடும். செவ்வாய் கணக்கு டியூஷன், வியாழன் அறிவியல், இரண்டு நாளும் அவன் வீட்டுக்கு வர ஒன்பதரை ஆகிவிடும். முன்பெல்லாம் ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம் இருந்தது. ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், ஆளுக்கொரு ஜெபம். இப்போது அது வாரத்தில் எந்த நாள் நடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் நான் கேட்க வந்தது அதுவல்ல. "வேலை அதிகம், ஜெபிக்க நேரம் இல்லை" என்பதற்கு நிறையப் பிரசங்கம் கேட்டாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் ஆபீஸ் என் ஜெபத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற நாட்களில்கூட, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ரயில் ஏறினால் அது மனதை விட்டுப் போய்விடும். போக மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பது சபை வேலைதான்.

மாதர் சங்கத்தில் நான் செயலாளர். ஓய்வுநாள் பள்ளியில் ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, விடுதிகளிலிருந்து வரும் வெளிநாட்டு ஊழியர்களான தம்பிமாருக்கு ஆராதனைக்குப் பிறகு மதியச் சாப்பாடு கொடுப்போம். அந்தக் கணக்கும் என் கையில்தான். போன திருவிருந்து ஞாயிறு இப்படி நடந்தது. பாஸ்டர் அப்பத்தை எடுத்து ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார். என் பைக்குள் போன் அதிர்கிறது. எடுக்கவில்லை. ஆனால் யார் என்று தெரியும், சமையல்காரர்தான். "சிஸ்டர், சைவம் எத்தனை?" முந்தின மாதம் சைவம் மிஞ்சிவிட்டது, அதற்கு முந்தின மாதம் பற்றவில்லை. என் வரிசை எழுந்து முன்னால் போனது, நானும் போய் முழங்கால் போட்டேன். கையில் அப்பம் வந்தது. மனதில் ஓடியது பொட்டலக் கணக்கு. எழுந்து இடத்துக்கு வந்ததும் போனை எடுத்துப் பதில் அடித்தேன்.

வேதம் வாசிப்பதும் அப்படியே ஆகிவிட்டது. சனிக்கிழமை இரவு யோனாவைத் திறந்தால், மீன் வெட்ட எந்த நிற அட்டை வாங்கலாம் என்று யோசனை. சங்கீதம் வாசித்தால், இதை மாதர் சங்கத்துக் கூட்டத்தில் ஆரம்ப வசனமாகச் சொல்லலாமே என்று ஒரு குறிப்பு. எனக்கென்று ஒரு வசனம் வாசித்து எவ்வளவு காலம் ஆகிறது என்று தெரியவில்லை.

என் மாமியார் பாளையங்கோட்டையில் இருக்கிறார்கள், ஊசிக் கோபுரம் கோயிலுக்குப் பக்கத்தில். காலை ஐந்து மணிக்குப் பாமாலையும் வேதமுமாக உட்கார்ந்துவிடுவார்கள். ஞாயிறு சாயங்காலம் போன் பண்ணினால் முதல் கேள்வி, "ஜெபம் எல்லாம் ஒழுங்கா நடக்குதாம்மா?" சபையில் என்னென்ன செய்கிறேன் என்று பட்டியல் சொல்வேன். அவர்கள் கேட்டுவிட்டு, "அது சரி, ஜெபம் நடக்குதா?" என்று திரும்பவும் கேட்பார்கள்.

உங்களில் யாராவது சபைப் பொறுப்பு ஒன்றைப் பாதியில் இறக்கி வைத்திருக்கிறீர்களா? எப்படிச் சொன்னீர்கள்? கர்த்தருடைய வேலையை விட்டு ஓடுகிறோமோ என்ற உறுத்தல் இருந்ததா? அப்புறம், மற்றவர்களுக்காக வேதம் தயாரிக்கிறவர்கள், உங்களுக்கென்று எப்படி வாசிக்கிறீர்கள்?

நேர்வழி:

சிஸ்டர், பதில் சுலபம். ஐந்து மணிக்கு எழுந்திருங்கள்.

தானியேல் 6ஐ எடுத்துப் பாருங்கள். ராஜ்யத்தில் நூற்றிருபது தேசாதிபதிகள், அவர்களுக்கு மேலே மூன்று பிரதானிகள், அந்த மூவரில் ஒருவர் தானியேல். உங்கள் கம்பெனிக் கணக்கெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. அப்படிப்பட்டவர் எருசலேமுக்கு நேராகப் பலகணியைத் திறந்து வைத்து, தினம் மூன்று வேளை முழங்கால்படியிட்டார். சட்டம் போட்டுத் தடுத்தபோதும் நிறுத்தவில்லை. நமக்குச் சட்டமும் இல்லை, சிங்கக் கெபியும் இல்லை. ராத்திரி போனைத் தடவுகிற நேரத்தைக் குறைத்தாலே போதும். நேரம் இல்லை என்பது சாக்கு.

ஈசூன் அம்மா:

அண்ணே, நேரம் இல்லை என்று நான் எழுதவே இல்லை. திரும்ப ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறவள்தான் நான். இரண்டு டிபன் பாக்ஸ், வீட்டுக்காரர் இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் அவருக்குச் சாப்பாடு, துணி காயப் போடுவது. மகனை எழுப்புவது தனி ஊழியம். தானியேல் வீட்டில் யார் சமைத்தார்கள் என்று வேதத்தில் இல்லை. தெரிந்தால் சொல்லுங்கள், அந்த அம்மா எத்தனை மணிக்கு ஜெபித்தார்கள் என்று நானும் தெரிந்துகொள்கிறேன்.

பழைய வாத்தியார்:

மகளே, கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறாய். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், மெத்தடிஸ்ட் சபை. பல வருஷம் சபைக் கமிட்டிகளில் இருந்தவன், அதனால் நீ சொல்லும் நோய் எனக்குப் பழக்கம்.

எல்லாரும் உனக்கு மார்த்தாளைத்தான் காட்டுவார்கள். லூக்கா 10ஐ மட்டும் வாசித்துவிட்டுச் சமையலறையிலிருந்து வெளியே வா என்பார்கள். யோவான் 12ஐயும் சேர்த்து வாசி. லாசரு உயிரோடு எழுந்த பிறகு பெத்தானியாவில் விருந்து நடக்கிறது. அங்கேயும் மார்த்தாள் பணிவிடை செய்கிறாள். அன்றைக்கு இயேசு அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதே வீட்டார், அதே மார்த்தாள், அதே வேலை. முதல் தடவை அவளைக் கண்டித்தது அவள் கவலைப்பட்டுக் கலங்கியதற்காக. தங்கைமேல் புகார் சொல்லிக்கொண்டு, வந்த விருந்தாளியையே வேலை வாங்கப் பார்த்தாள். சமைத்ததற்காக இல்லை. ஆகவே நீ சாப்பாடு கொடுப்பது தப்பு என்று எவனாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அப்போஸ்தலர் 6. எருசலேம் சபையில் விதவைகளுக்குத் தினசரிச் சாப்பாடு பங்கிடுவதில் முறுமுறுப்பு வந்தது. உன் சைவப் பொட்டலப் பிரச்சினைக்கு வயது ஏறக்குறைய இரண்டாயிரம், தெரிந்துகொள். அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? சாப்பாடு முக்கியம் இல்லை என்று சொல்லவில்லை, தாங்களே ஓடிப் போய்ப் பரிமாறவும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்துக் கைவைத்து ஜெபித்து ஒப்படைத்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர்தான் ஸ்தேவான். பந்தி விசாரிக்கிற வேலைக்கு விசுவாசமும் பரிசுத்த ஆவியும் நிறைந்த ஆளைத் தேடியிருக்கிறார்கள். நம் சபைகளிலோ முடியாது என்று சொல்லத் தெரியாத ஆளைத் தேடுகிறோம்.

பொறுப்பை இறக்குவதைப் பற்றி: பாதியில் விடாதே, வருஷக் கடைசியில் விடு. அடுத்த வருஷத்துக்குப் பெயர் கேட்கும் முன்பே தலைவியிடம் நேரில் போய்ச் சொல். வாட்ஸ்அப்பில் சொல்லாதே. காரணத்தை நீட்டாதே. "ஜனவரியிலிருந்து செயலாளர் பொறுப்பு வேண்டாம், ஓய்வுநாள் பள்ளி தொடர்கிறேன்" என்றால் போதும். யார் செய்வார்கள் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் நீ கையில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. அதையும் நீயே தேடிக் கொடுத்தால் பொறுப்பு உன்னை விட்டுப் போகவே போகாது.

மெத்தடிஸ்ட் என்பதால் ஒரு கதை சொல்லாமல் இருக்க முடியாது. மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா பெற்றது 19 பிள்ளைகள், பிழைத்தவர்கள் 10 பேர். கையில் காசு கிடையாது. எப்வொர்த் ஊரில் வீடு எரிந்தும் போயிற்று. 1712இல் அந்த அம்மாள் தன் கணவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வார அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு இரவும் ஒரு பிள்ளையோடு தனியே உட்கார்ந்து ஆத்தும காரியம் பேசுவாள். வியாழக்கிழமை ஜானுடைய முறை, சனிக்கிழமை சார்லஸ். ஜான் வளர்ந்து ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்தபோது, அந்த வியாழன் மாலையின் சிறு பகுதியை எனக்காக மறுபடி ஒதுக்க முடியுமா என்று தாய்க்குக் கடிதம் எழுதினார். தினம் ஒன்பது மணிக்கு எல்லாரையும் உட்கார வைக்க முடியவில்லையே என்று நீ வருத்தப்படுகிறாய். அந்த அம்மாள் ஆளுக்கு வாரம் ஒரு மாலைதான் கொடுத்தாள்.

கடைசியாக, உன் மாமியார் ஐந்து மணிக்கு உட்காருகிறார்கள் என்றாய். அது நம் நேரம் ஏழரை. அப்போது நீ எங்கே இருப்பாய்?

லூர்து கோயில் பிள்ளை:

அக்கா, நான் கத்தோலிக்கர், ஓஃபிர் ரோட்டில் இருக்கும் லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகிறவள். 1888இல் கட்டிய கோயில், அங்கே தமிழ்த் திருப்பலி உண்டு. நான் சொல்வது உங்கள் சபை வழக்கத்துக்குப் பொருந்துமா தெரியாது. இருந்தாலும் சொல்கிறேன்.

நான் நர்ஸ். மூன்று ஷிப்ட். காலை செபம் என்பதே எனக்கு அர்த்தம் இல்லாத விஷயம், சில நாள் என் காலை இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கும். எங்களிடம் மூவேளை செபம் என்று ஒன்று உண்டு. காலை, நண்பகல், மாலை. சின்னச் சின்ன வாக்கியங்கள், நடுவில் மூன்று அருள்நிறை மரியே, ஒரு மன்றாட்டு, அவ்வளவுதான். முழுவதும் சொன்னாலும் கை கழுவி உலர்த்துகிற நேரம்தான் ஆகும். என் அம்மா சின்ன வயதில் அடித்துச் சொல்லிக் கொடுத்தார், இப்போது அது தானாக வாயில் வருகிறது. பன்னிரண்டு மணிக்கு வார்டில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே சொல்வேன். நோயாளி கூப்பிட்டால் பாதியில் நிறுத்திவிட்டுப் போவேன், பிறகு தொடர்வேன்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், இதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது. புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவும் வேண்டாம், யாருக்கும் பாடமாக எடுக்கவும் முடியாது, எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். நீங்கள் யோனாவின் மீனுக்கு அட்டை தேடுவதாக எழுதியிருந்தது எனக்கு அதனால்தான் பட்டது. உங்களுக்கு மரியே வேண்டாம் என்றால் சங்கீதம் 23 போதுமே, அக்கா. மனப்பாடமாகத் தெரிந்த ஒன்று, தயாரிப்புக்கு உதவாத ஒன்று.

நேர்வழி:

மனப்பாட ஜெபம் வீண்வார்த்தை. மத்தேயு 6:7.

லூர்து கோயில் பிள்ளை:

அதே அதிகாரத்தில் இரண்டு வசனம் தள்ளி ஆண்டவர் கற்றுக்கொடுத்த செபம் இருக்கிறது. நீங்கள் அதை மனப்பாடமாகச் சொல்வதில்லையா, அண்ணா?

துவாஸ் தம்பி:

வணக்கம் அக்கா. நான் கப்பல் பட்டறையில் வேலை, ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம். துவாஸ் விடுதியில் இருக்கிறேன்.

லாரி ஆறு மணிக்கு வந்துவிடும். அப்போது இருட்டுதான். லாரிக்குள் போன் வெளிச்சம் அடித்தால் தூங்குகிறவர்கள் திட்டுவார்கள், அதனால் காதில் மாட்டிக்கொண்டு ஆடியோ பைபிள் கேட்பேன். சில நாள் ஒரு அதிகாரம் முடிவதற்குள் நானே தூங்கிவிடுவேன். எழுந்தால் ஏதோ வேறு புத்தகம் ஓடிக்கொண்டிருக்கும். ஊரில் ஓய்வுநாள் பள்ளியில் 23, 91, 121 மூன்று சங்கீதமும் பரிசுக்காகப் படித்தோம். அன்றைக்குக் கொடுத்த பென்சில் டப்பா எங்கே போனதோ, சங்கீதம் மட்டும் இருக்கிறது. ஆகவே அந்தப் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள் அக்கா, அது மட்டும் என் வேண்டுகோள்.

எங்கள் அறையில் பன்னிரண்டு பேர். எனக்குக் கீழ்க் கட்டிலில் படுக்கிற அண்ணன் முருக பக்தர், காலையில் குளித்துவிட்டுத் திருநீறு பூசி ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பார். நான் மேலே உட்கார்ந்து ஜெபம் பண்ணுவேன். அந்த நேரத்தில் ஒருவரோடு ஒருவர் பேச மாட்டோம். நாங்கள் பேசி வைத்துக்கொண்டது இல்லை, அப்படி ஆகிவிட்டது. நான் தூங்கிவிட்டால் அவர் கட்டிலைத் தட்டுவார். புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மாடிப்படித் திருப்பத்தில் நாலைந்து பேர் கூடுவோம். எங்களுக்குத் தலைவர், செயலாளர் எல்லாம் கிடையாது. ஒருவன் பாட்டு ஆரம்பிப்பான், செருப்பு வைக்கிற இடத்தில் உட்கார்ந்துகொள்வோம்.

ஞாயிறுதான் எங்களுக்குக் கஷ்டம். சூப்பர்வைசர் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம். வீட்டுக் கடன் இருக்கிறது, தங்கச்சி கல்யாணம் இருக்கிறது. சபைக்கு வருவதா, ஓவர்டைமா என்று சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் மனசு அடித்துக்கொள்ளும். இப்போது ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு என்று வைத்திருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்னொன்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு சபையில்தான் நாங்களும் மாதம் ஒரு தடவை சாப்பிடுகிறோம். உங்கள் சபையோ வேறு சபையோ தெரியாது. பிரியாணி நன்றாகவே இருக்கும், குறை இல்லை. ஆனால் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு அக்காமார் எண்ணிக்கை போட ஓடிவிடுவார்கள். எல்லாருக்கும் வந்ததா, பற்றியதா, தண்ணீர் பாட்டில் எங்கே, இதுதான் பேச்சு. நாங்கள் எங்களுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியா பக்கம், போய்விடுவோம். ஒருவராவது பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊர், அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டால் வெறும் பன் கொடுத்தாலும் போதும் அக்கா. மனசு நோகும்படி எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

பழைய வாத்தியார்:

தம்பி, நீ மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை. மாற்கு 6ஐ எழுதலாம் என்று இருந்தேன், நீ முந்திக்கொண்டாய்.

அங்கே சீஷர்கள் ஊழியம் முடித்து வந்து செய்ததெல்லாம் அறிக்கை கொடுக்கிறார்கள். வருகிறவர்களும் போகிறவர்களும் அதிகம், சாப்பிடவும் சமயம் இல்லை. தனியே போய்ச் சற்றே இளைப்பாறுங்கள் என்கிறார் ஆண்டவர். படகில் ஏறிப் போனால் ஜனங்கள் அங்கே முந்தி வந்து நிற்கிறார்கள். இளைப்பாறுதல் அவ்வளவுதான். அவர்கள்மேல் கோபித்துக்கொள்ளாமல், உபதேசித்து, உட்கார வைத்து, பிறகு ஐயாயிரம் பேருக்கு அப்பம். அங்கேயும் உட்கார வைத்தது முதலில், பந்தி பிறகு. எல்லாரையும் அனுப்பிவிட்டு அவர் ஜெபிக்க மலைக்கு ஏறும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. முதலில் திட்டமிட்ட தனிமை கிடைக்கவில்லை, கிடைத்த நேரத்தில் போனார். இதை நான் பிரசங்கம் பண்ணியதே இல்லை. பண்ணியிருக்கலாம்.

ஈசூன் அம்மா:

துவாஸ் தம்பி, மனசு நொந்தது உண்மைதான், ஆனால் உன்மேல் இல்லை. எங்கள் சபை இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் தண்ணீர் பாட்டில் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிட்டது.

உடனே பதில் எழுதாமல் சில வாரம் விட்டுவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

மாதர் சங்கத் தலைவியிடம் நேரில் போய்ச் சொன்னேன். ஐயா சொன்னபடியே ஒரு வரிதான். அவர்கள் முகம் மாறியது, "யாரும்மா செய்வாங்க?" என்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், என் பையில் இரண்டு பெயர் எழுதிய சீட்டே இருந்தது. கொடுக்கவில்லை. டிசம்பர் வரை செய்வேன், பிறகு இல்லை என்று முடிவாகிவிட்டது. உறுத்தல் இருக்கிறதா என்றால், இருக்கிறது. போகும் என்று எதிர்பார்க்கவில்லை.

சாப்பாட்டுக் கணக்கை மட்டும் டிசம்பருக்குக் காத்திருக்காமல் இப்போதே பிரித்துவிட்டோம். சபையில் புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி, இருவரும் கம்ப்யூட்டர் வேலை. சைவம், அசைவம் எல்லாம் வெள்ளிக்கிழமை இரவோடு முடிகிற மாதிரி ஒரு படிவம் போட்டுவிட்டார்கள். ஞாயிறு காலை யாருக்கும் போன் வராது. இதை நான் ஏன் முன்னாலேயே கேட்கவில்லை என்று என் மகள் கேட்கிறாள், கேட்கட்டும்.

போன தடவை நான் பந்தி விசாரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தம்பிமாரோடு உட்கார்ந்தேன். முதலில் அவர்களுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். பட்டுக்கோட்டைப் பையன் ஒருவன், வந்த புதிது, சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான். கேட்டால், பாட்டி இறந்து போன சேதி முந்தின நாள்தான் வந்ததாம். லீவு கிடைக்கவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் பாட்டி பெயர் கேட்டேன். அரை மணி நேரம் பாட்டியைப் பற்றிச் சொன்னான். அந்த நேரத்தில் அடுப்பங்கரைப் பக்கம் ஏதோ சத்தம், என்னவோ பற்றவில்லை போல. கால் பரபரத்தது. எழுந்து போகவில்லை.

சங்கீதத்துக்கு வருகிறேன். ஏழரைக்கு நான் எங்கே இருப்பேன் என்று ஐயா கேட்டிருந்தார்கள். ரயிலில், கிராஞ்சி தாண்டுகிற நேரம். அங்கே கொஞ்ச தூரம் வெளியே பச்சையாக இருக்கும், மற்றவர்கள் போனில் இருப்பார்கள், எனக்கு நிற்கத்தான் இடம். அத்தையிடம் சொன்னேன், நீங்கள் உட்காருகிற நேரம் நானும் சேர்ந்துகொள்கிறேன் என்று. போனில் பேசலாம் என்றார்கள், ரயில் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தொந்தரவு. ஆகவே தினம் ஒரு சங்கீத எண் மட்டும் வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புகிறார்கள். "இன்னைக்கு நாப்பத்தாறும்மா." அவ்வளவுதான். விளக்கம் கிடையாது. நான் வாசித்துவிட்டு "வாசிச்சேன் அத்தை" என்று அனுப்புகிறேன். குறிப்பு எழுதக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருக்கிறேன். சில நாள் புக்கிட் கோம்பாக் வரும்வரை ஒரே வசனத்தில் நின்றுவிடுகிறேன், சில நாள் மூன்றே நிமிஷத்தில் முடித்துவிட்டுச் சலுகை விலை விளம்பரம் பார்க்கிறேன். அத்தை வரிசையாகப் போகவில்லை, எந்த முறையில் எண் சொல்கிறார்கள் என்று புரியவில்லை. ஒரு நாள் 119 சொன்னார்கள். நூற்று எழுபத்தாறு வசனம், ஜூரோங் ஈஸ்ட் வந்தும் முடியவில்லை.

நேர்வழி அண்ணே, நீங்கள் சொன்ன தானியேலையும் வாசித்தேன். நூற்றிருபது பேரை மேய்த்தவர் பலகணியைத் திறந்து வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்காக நன்றி.

மிச்சம் இருப்பது குடும்ப ஜெபம்தான். அது இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. பிஎஸ்எல்இ பிள்ளை இருக்கிற வீடுகளில் என்ன செய்கிறீர்கள்?

நேர்வழி:

வந்தனம் சிஸ்டர். 119ஐ எட்டு எட்டு வசனமாகப் பிரித்து வாசியுங்கள், இருபத்திரண்டு நாளில் முடியும். அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

செங்காங் அப்பா:

என் மகன் போன வருஷம் எழுதினான். டியூஷன் விட்டு வரும் பிள்ளையை ஒன்பதரைக்கு உட்கார வைத்து அதிகாரம் வாசிக்கச் சொன்னால் சண்டைதான் வரும், எங்களுக்கு வந்தது. பிறகு டியூஷன் இருக்கிற நாளில் நான் போய்க் கூட்டி வர ஆரம்பித்தேன். நடந்து வருகிற வழியில், புளோக்குகளுக்கு நடுவே, இன்றைக்கு யாருக்காக ஜெபிக்கலாம் என்று அவனைக் கேட்பேன். பெரும்பாலும் வகுப்புப் பையன் யாராவது. சத்தமாக ஜெபிக்க மாட்டான், வழியில் யாராவது பார்த்தால் வெட்கம். லிப்டில் ஏறியதும் நாங்கள் இருவர் மட்டும் என்றால் ஒரு வரி சொல்வான். நடுவில் யாராவது ஏறினால் நிறுத்திவிடுவான், வீட்டு வாசலில் "ஆமென்" மட்டும் வரும்.

பாட்டும் அதிகாரமும் டியூஷன் இல்லாத நாளுக்கு வைத்துக்கொண்டோம். உங்கள் வீட்டுக்காரர் பகல் ஷிப்டில் இருக்கும் வாரங்களில் அவரைப் போய்க் கூட்டி வரச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் வியாழன் வகுப்பை அரை மணி நேரம் முன்னால் தள்ள முடியுமா என்று டியூஷன் ஆசிரியரிடம் கேளுங்கள். எங்களுக்கு ஒத்துக்கொண்டார்.